வேதாசலத்தின் குடலும் கூரத்துப் பொடியும்

உத்திரமேரூரில் ஒரு மனிதருடைய குடலைப் பற்றி ஊரே உட்கார்ந்து பேசியது என்றால் அது வேதாசலத்தின் குடல்தான். அதற்கு முன்பு அந்தக் குடலுக்கென்று தனிப் பெருமை எதுவும் கிடையாது. மற்றவர்களுடையதைப் போலவே அதுவும் காலையில் நாஷ்டாவையும் ராத்திரியில் சோற்றையும் வாங்கிக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தது. போன வருஷம் ஆடியில் வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மெட்ராஸுக்குப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் ஐசக், உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு இருந்த ஒரு சதை மொக்கை அந்தக் குழாய் வழியாகவே அறுத்து எடுத்தார். அன்றிலிருந்து குடல் பிரபலமாகிவிட்டது.

எடுத்த மொக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை ஆகியிருக்கும், எதற்கும் ஒரு வருஷம் கழித்து வந்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டு போங்கள் என்றார் டாக்டர். வேதாசலம் இதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். பஸ் செங்கல்பட்டைத் தாண்டும்போது 'ஒரு வருஷம் கழித்து வாருங்கள்' என்பது 'ஒரு வருஷம் பார்க்கலாம்' என்று ஆகியிருந்தது. புக்கத்துறையில் திரும்பும்போது 'ஒரு வருஷம் தாங்கும்' என்று ஆனது. உத்திரமேரூரில் இறங்கித் தெரிந்த முகத்தைப் பார்த்தபோது டாக்டர் கெடுவே கொடுத்துவிட்டார்.

கூடப் போயிருந்த மனைவி உண்ணாமலை இந்த வளர்ச்சியை வழி நெடுகப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே என்று ஒரு தரம் திருத்தவும் பார்த்தாள். நோவு அவனவனுக்குத்தான் தெரியும், உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறாய் என்றார் அவர். அவருக்கு நோவே கிடையாது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அந்த ஒரு வருஷம் வேதாசலம் செத்துக்கொண்டிருந்ததைப் போலச் சுகமாக அந்த ஊரில் வேறு யாரும் வாழ்ந்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் திருப்புவதில் சண்டை வந்தால், இன்னும் எத்தனை போகம் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பெருமூச்சு விடுவார். பக்கத்து வயல்காரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் அவரை உட்காரவைத்து, பாவம் சாப்பிடட்டும் என்று இரண்டாவது ஜாங்கிரி வைத்தார்கள். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். சாகப்போகிற மனுஷன் என்பதால் ஏரி விரால் வாங்க வேண்டும். அதைக் குழம்பாகவும் வைக்க வேண்டும், வறுக்கவும் வேண்டும். அவர் படுத்திருக்கும்போது ரேடியோ பாடக் கூடாது. உண்ணாமலைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவருடைய குடலின் அனுமதி வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது சாரதா விஷயத்தில்தான்.

சாரதா அவர்களுடைய ஒரே பெண். பன்னிரண்டாவது முடித்து, காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். ஆடி முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்று கார்டு வந்திருந்தது. ஆனால் கூரத்தில் இருக்கும் வேதாசலத்தின் அக்கா செல்லம்மாளுக்குக் கன்னியப்பன் என்று ஒரு பிள்ளை இருந்தான். தம்பி பெண் மேல் அக்கா பிள்ளைக்கு உரிமை உண்டு, அதில் பேச்சே கிடையாது. கன்னியப்பனைக் குறை சொல்லவும் முடியாது. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத பையன். நல்ல பழக்கமும் எதுவும் இல்லை. வாடகை சைக்கிள் கடை வைத்து, அதன் வாசலில் பெஞ்சு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வாடகைக்கு எடுப்பவர்கள் அவனை எழுப்ப மனசில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள்; சிலர் திருப்பியும் கொண்டுவந்தார்கள்.

தம்பி கண்ணை மூடுவதற்குள் பெண்ணைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போவான் என்று செல்லம்மாள் சொன்னாள். வேதாசலமும் அதையே சொல்ல ஆரம்பித்தார். ஆடியில் எதையும் பேசக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தம் என்று தேதியும் பார்த்துவிட்டார்கள். சாரதா அழவில்லை, சண்டை போடவில்லை. கார்டை மட்டும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். உண்ணாமலையை எட்டாவதோடு நிறுத்திக் கட்டிக் கொடுத்தவர்களும் இப்படித்தான், யாரோ கண்ணை மூடப் போகிறார்கள் என்று அவசரப்பட்டார்கள். அந்த யாரோ அதற்கப்புறம் வெகுகாலம் வெற்றிலை போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தார். தன் பெண்ணுக்கும் அது நடக்கப் போகிறது என்று நினைத்தபோது உண்ணாமலைக்கு வயிறு எரிந்தது.

இந்தச் செல்லம்மாள்தான் தம்பியின் குடலுக்கு வைத்தியரும். மெட்ராஸ் டாக்டர் அறுத்ததோடு போய்விட்டார், உள்ளே அழுக்குத் தங்கினால் திரும்ப முளைக்கும், தினம் கழுவிவிட வேண்டும் என்று சொல்லி, நிலாவரை இலையோடு சுக்கும் ஓமமும் உப்பும் சேர்த்து இடித்து, ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பொடி கொண்டுவந்து கொடுத்தாள். படுக்கும்போது ஒரு ஸ்பூன் என்றாள். தம்பிக்கு அக்கா மேல் இருந்த பக்தியில் அது இரண்டு ஸ்பூனாகி, பிறகு காலையிலும் இரண்டானது. பாட்டில் தீருவதற்குள் கூரத்திலிருந்து அடுத்த பாட்டில் வந்துவிடும். விடியற்காலையில் வேதாசலம் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் ஒரு வருஷத்தில் சாகப்போகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கெடு முடிந்து அடுத்த ஆடி வந்தது. மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள். பொடி பாட்டிலும் பையில் வந்தது.

முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சோறு கிடையாது, கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், அது போதாதென்று எனிமா வேறு. வேதாசலம் நர்ஸைக் கூப்பிட்டு, கடைசி ஆசையாக ஒரு வாய் மீன் குழம்பு கேட்டுப் பார்த்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஊசி போட்டு, அரைத் தூக்கத்தில் உள்ளே கொண்டுபோனார்கள். உண்ணாமலை கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள், முடியவில்லை. ஒரு நர்ஸ் அவசரமாக வெளியே ஓடினாள். இரண்டு டாக்டர்கள் உள்ளே போனார்கள். பிறகு படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டும் நோட்டுமாக ஒரு கும்பல் போனது. கதவு திறந்தபோது பார்த்தாள். வரிசையாக நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து, குழாயின் முனையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, சொர்க்கவாசல் சேவித்தவர்கள் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வருஷமாக அவள் அவரை மனசுக்குள் கிண்டல் பண்ணியதெல்லாம் பாவமாக வந்து முன்னே நின்றது. மனுஷன் மெய்யாகவே நோயாளியாக இருந்திருக்கிறார், நாம்தான் நம்பவில்லை என்று நினைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் ஐசக் வெளியே வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவருக்குத் தினம் பேதி மருந்து யாரும்மா கொடுக்கறது?"

அவள் பையைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், விரலில் தொட்டுப் பார்த்தார், நிலாவரைதானே என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். போன வருஷம் பார்த்தபோது இந்தக் குடல் ரோஜா நிறத்தில் இருந்ததாம். இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கருத்து, சாரைப்பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக இருக்கிறதாம். இந்த இலையை மாசக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் இப்படி ஆகும், இவ்வளவு அழுத்தமாகத் தானே நேரில் பார்த்ததில்லை, அதனால்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றார். அவர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

புற்றா என்று உண்ணாமலை கேட்டாள். இல்லை என்றார். அறுத்த இடம் சுத்தமாக ஆறிவிட்டது, புதிதாகக் கடுகளவுகூட எதுவும் முளைக்கவில்லை, இந்தக் கருப்பினால் பாதகம் எதுவும் கிடையாது, பொடியை நிறுத்தினால் ஒரு வருஷத்தில் தானாகவே பழைய நிறத்துக்கு வந்துவிடும், மூன்று வருஷம் கழித்து வந்தால் போதும் என்றார்.

"அப்போ அவரு சாவ மாட்டாரா?"

"எல்லாரும் ஒரு நாள் சாவோம்மா. இவரு இதனால சாக மாட்டாரு."

அவருக்கு வார்டில் வேலை இருந்தது. விழித்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டார். இப்படியாக வேதாசலத்தின் குடலைப் பற்றிய முழு அதிகாரமும் உண்ணாமலையின் கைக்கு வந்து சேர்ந்தது.

அவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொங்கி வந்த சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆரஞ்சுகூட உரித்துக் கொடுத்தாள். வேதாசலம் மெல்லக் கண்ணைத் திறந்தார். அவளைத் தேடினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரு இன்னா சொன்னாலும் சரி. ஆவணியில சாரதாவ அக்கா கையில புடிச்சிக் குடுத்துட்டுத்தான் போவேன். அந்தக் கார்ட கிழிச்சிப் போட்டுடு."

உண்ணாமலை கையை உருவிக்கொண்டாள். ஆரஞ்சுத் தோலையெல்லாம் பொறுக்கி ஒரு காகிதத்தில் கட்டினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"கொடலு கருத்துப் போயிடுச்சாம்."

"இன்னாது?"

"இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும். உங்க அக்கா பொடிதான் காரணமாம். டாக்டருங்க, படிக்கிற புள்ளைங்க எல்லாம் கூட்டமா வந்து பாத்துட்டுப் போனாங்க. இந்த மாதிரி பாத்ததே இல்லியாம்."

அவர் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். எவ்வளவு நாள் என்று கேட்கப் பயந்து, வேற எதுனா சொன்னாரா என்றார். மூன்று வருஷம் கழித்து வரச் சொன்னதாக அவள் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாதகமில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் அவராகவே செய்துகொள்வார் என்று அவளுக்குத் தெரியும், அதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

திரும்பி வரும் பஸ்ஸில் வேதாசலம் ஒரு வார்த்தை பேசவில்லை. செங்கல்பட்டிலும் பேசவில்லை, புக்கத்துறையிலும் பேசவில்லை. உத்திரமேரூரில் இறங்கியதும் ஆவலாக விசாரித்தவர்களிடம் ஒண்ணியும் இல்ல என்று சொல்லிவிட்டு நடந்தார். சாவைப் பற்றி ஒரு வருஷம் வாய் ஓயாமல் பேசியவர், அது நிஜமாகவே வருகிறது என்று நம்பிய அன்று வாயை மூடிக்கொண்டார்.

தம்பி திரும்பிவிட்ட சேதி கேட்டுச் செல்லம்மாள் அந்த வாரமே வந்தாள். புதுப் பாட்டில் ஒன்றைத் தம்பி பக்கத்தில் வைத்தாள். ஆடியாச்சே என்று தாம்பூலத் தட்டை மட்டும் கொண்டுவராமல், மற்றதையெல்லாம் பேச ஆரம்பித்தாள். வேதாசலம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் உண்ணாமலைக்கும் சாரதாவுக்கும் கை வேலை நின்றுவிட்டது.

"அக்கா, இந்தப் பொடிதான் என் கொடல கருக்கிடுச்சாம். டாக்டரு சொல்லிட்டாரு."

"நானுந்தாண்டா தினம் துண்றேன். நான் இன்னா கருத்தா பூட்டேன்?"

"உன் கொடல யாரு பாத்தாங்க?"

வேதாசலம் தலையைக் குனிந்தபடியே, சாரதா படிக்கட்டும் அக்கா, இந்த வூட்டுலேர்ந்து பொண்ணு வராது என்று முடித்தார். அவர் அக்காவிடம் அப்படிச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. செல்லம்மாள் தெருவில் இறங்கி நின்று, நாலு பேர் கேட்க, என் தம்பிக்கு அவன் பெண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள் என்று அழுதாள். ஒரு வருஷமாகப் பாட்டில் பாட்டிலாக மருந்து வைத்தது யார் என்று கேட்க உண்ணாமலைக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, புதுப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் வந்த நாட்கள் அவளுக்குப் பெரிய பேஜாராக இருந்தன. வேதாசலம் குழம்பில் குறை சொல்லவில்லை. கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் இறைத்துவந்து வைத்தார். நீ துண்ணியா என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத கேள்வி அது. ரேடியோவைப் பாடவிடச் சொல்லி, சாரதா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இப்படி ஒரு புருஷன் வேண்டும் என்றுதான் அவள் இத்தனை காலம் ஏங்கினாள்; கிடைத்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாரதா போய்ச் சேரட்டும், சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

ஆடிக் கடைசியில் மூவரும் காஞ்சிபுரத்துக்குப் போனார்கள். ஓரிக்கையில் பாலாறு தண்ணீரே இல்லாமல் மணலாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையம்மா கேட்ட கேள்விகளுக்கு வேதாசலம் வாயைத் திறந்து திறந்து மூட, சாரதாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நல்ல தெளிவான பிள்ளை, நம்பி விட்டுவிட்டுப் போங்கள் என்றார் தலைமையம்மா. படுக்கைச் சுருட்டோடு ஹாஸ்டல் கேட்டுக்குள் போன பெண் திரும்பி ஒரு தரம் கையசைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே இன்னொரு பெண்ணோடு பேசிக்கொண்டு நடந்தாள்.

வெளியே புங்க மரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இது படிச்சி முடிச்சி வேல கெடச்சிப் போவசொல்ல நான் இருக்க மாட்டேன்" என்றார் வேதாசலம். "மொத சம்பளத்துல உங்க அம்மாவுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுன்னு சொல்லிட்டேன்."

உண்ணாமலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டாக்டர் சொன்னதில் தான் சொல்லாமல் விட்டதை முழுக்கச் சொன்னாள். மொக்கு திரும்ப முளைக்கவில்லை, கருப்பினால் ஒன்றும் ஆகாது, பொடியை நிறுத்தியாகிவிட்டது, அது தானாகப் போய்விடும் என்று அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு எழுந்து, கேட்டுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அடித்தால் வாங்கிக்கொள்வது, பெண்ணைத் திரும்பக் கூப்பிடப் போனால் காலைக் கட்டிக்கொண்டாவது தடுப்பது என்று தீர்மானித்திருந்தாள்.

வேதாசலம் வெகுநேரம் தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மெய்யாலுமா?"

"சாரதா மேல ஆணையா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம்" என்றார். பிறகு ஹாஸ்டல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனுக்கு மட்டும் அந்தத் தூங்குமூஞ்சிக்குக் குடுக்க இஷ்டமா? சின்ன வயசுலேர்ந்து அக்காகிட்ட முடியாதுன்னு ஒரு தபா சொன்னதில்ல. கொடலு கருத்ததால சொன்னேன். இப்போ நல்லாகீதுன்னு தெரிஞ்சா அது நாளைக்கே தட்டத் தூக்கிக்கினு வந்துடும்."

உண்ணாமலைக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை இந்த மனுஷன் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு வருஷம் விரால் வறுத்ததும் வயிறு எரிந்ததும் இல்லாமல் போயிருக்கும். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பசிக்கிறது என்றார். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் இட்லிக்கு மேல் பூரியும் அதற்கு மேல் ஒரு நெய் ரோஸ்டும் சாப்பிட்டார். சட்னி சரியில்லை என்று சர்வரிடம் சண்டையும் போட்டார்.

உத்திரமேரூர் பஸ் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கி முதல் ஆளாக ஏறினார். இரண்டாவது படியில் சட்டென்று நின்றார். உள்ளே முன் சீட்டில் ரேஷன் கடை லோகநாதன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெண் கொடுத்த இடம் கூரம், செல்லம்மாள் வீட்டுக்கு எதிர் வீடு. வேதாசலம் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். தோள் தொங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி மூச்சு வாங்கினார்.

உண்ணாமலை பின்னாலிருந்து அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள். சாரதாவின் படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கிறது. இவ்வளவு நாள் அவர் தனியாகச் செத்தது போதும், இனிமேல் கூடமாட ஒத்தாசை செய்ய வேண்டியதுதான் என்று தோன்றியது.

"கொஞ்சம் எடம் வுடுப்பா லோகநாதா" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவுரால நிக்க முடியாது. மொத்தமும் கருத்துப் போயிடுச்சி."

லோகநாதன் பதறி எழுந்து இடம் விட்டான். இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள்.